பீவிம்மா கால் வைத்த பஸ்

மேலநத்தத்துக்காரர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருக்கமாட்டார்கள். பஸ்தான் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொல்வது அந்த ஊர் நடைமுறை.

என் பெயர் பஞ்சநதம். கும்பகோணம் டவுன் பஸ் டிரைவர். காலையில் நன்னிலம் பக்கமிருந்து கும்பகோணம் வரும்போது மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பி மேலநத்தத்துக்குள் நுழைவேன். ஆளை ஏற்றிக்கொண்டு, வயலைச் சுற்றிப் போகிற வாய்க்கால் ரோட்டில் ஊர்ந்து, பாலத்தடி என்கிற நிறுத்தத்தில் மறுபடியும் மெயின் ரோட்டைப் பிடிப்பேன். ஒரே ஒரு ஊருக்காக இவ்வளவு பெரிய சுற்று. அதற்கு அந்த ஊர் எனக்குக் காட்டிய நன்றிதான் கால்.

கால் என்றால் என்னவென்று சொல்கிறேன். வீட்டில் ஒருவர் மட்டும் முதலில் வந்து பஸ் படியில் ஒரு காலை வைப்பார். இன்னொரு கால் தரையில் இருக்கும். அவர் ஏறவும் மாட்டார், விலகவும் மாட்டார். மற்றவர்கள் தலை வாரி, வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பாதி வழி வந்தபின் சந்தேகம் வந்து திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து சேரும்வரை அந்தக் கால் அங்கேயே இருக்கும். சொந்த வீட்டுக்கு மட்டும்தான் என்று இல்லை. பக்கத்து வீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, யாருக்காகவும் கால் வைக்கலாம். கேட்டும் வைக்காமல் போனால் அந்த ஊரில் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

டீசல் பஸ் இருந்தவரை இதற்கு என்னிடம் மருந்து இருந்தது. ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் வண்டி உறுமும். ஜன்னல்களெல்லாம் கடகடவென்று ஆடும். அது முதல் எச்சரிக்கை. அதற்கும் மசியாவிட்டால் வண்டியை ஒரு சாண் நகர்த்துவேன். தரையில் இருக்கிற கால் நொண்டியடித்துக்கொண்டு கூடவே வரும். தெருக்கோடியில் வருகிறவர்கள் ஓட ஆரம்பிப்பார்கள். நான் யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த உறுமலுக்கு ஒரு மரியாதை இருந்தது.

பிறகு மின்சார பஸ் வந்தது.

பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் வண்டியைப் பெண்பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் புகழ்வதைப் போலப் புகழ்ந்தார். புகை இல்லை, சத்தம் இல்லை, ஏசி உண்டு. “கதவு முழுசா மூடினாத்தான் சார் வண்டி நகரும். நடுவுல ஒரு விரல் இருந்தாக்கூடச் சென்சார் கண்டுபிடிச்சுக் கதவைத் திறந்துடும்” என்றார்.

நான் கையைத் தூக்கினேன். “ஒரு ஆள் வேணும்னே காலை வச்சுட்டு நின்னா என்ன சார் பண்றது?”

“எதுக்கு நிக்கப் போறாங்க?”

“இன்னொருத்தருக்காக.”

“அப்படியெல்லாம் யாரும் பண்ணமாட்டாங்க சார்.”

பாவம், அவர் மேலநத்தத்துக்கு வந்ததில்லை.

முதல் நாள் ஊரே திரண்டு ஆரத்தி எடுத்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கல்யாணம் சார் கண்ணாடியில் சந்தனம் பூசி எனக்கு முன்னால் ரோடே தெரியாமல் செய்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஊரில் குத்தகைக்கு விட்ட கொஞ்சம் நிலமும் உண்டு. எல்லாம் முடிந்து கண்டக்டர் கண்ணுசாமி விசில் கொடுத்தான். கதவை மூடும் பொத்தானை அழுத்தினேன். கதவு பாதி வந்து, எதையோ தொட்டு, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. எட்டிப் பார்த்தேன். படியில் ஒரு கால். ஜன்னத் பீவியின் கால்.

ஜன்னத் பீவிக்கு அறுபது வயது இருக்கும். ஊரே அவரைப் பீவிம்மா என்றுதான் கூப்பிடும். மகன் சமீர் ஷார்ஜாவில் இருக்கிறான். தெருக்கோடி வீட்டில் அவரும் மருமகள் சபிஹாவும்தான். கால் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊருக்கே கால் வைப்பார். பல நாள் அவருக்கு எங்கும் போகவேண்டிய வேலையே இருக்காது. எல்லோரும் வரும்வரை காலை வைத்திருந்து, ஏற்றிவிட்டு, காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

“தயவுசெய்து கதவிலிருந்து விலகி நிற்கவும்” என்றது பஸ்ஸுக்குள் பதிவு செய்து வைத்திருந்த பெண் குரல்.

“இரும்மா, சரசா வந்துக்கிட்டு இருக்காங்க” என்றார் பீவிம்மா.

“தயவுசெய்து கதவிலிருந்து விலகி நிற்கவும்.”

“அதான் சொல்றேன்ல. கொண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க, இந்தா வந்துடுவாங்க.”

சரசா என்பது கல்யாணம் சாரின் மனைவி. அவர் கொண்டை போட்டு, கேஸை மூடி, மூடினோமா என்று பார்த்து வந்து சேரும்வரை பீவிம்மாவும் அந்தக் குரல்காரப் பெண்ணும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பீவிம்மாவுக்குக் கடைசியில் அந்தக் குரல்மேல் இரக்கமே வந்துவிட்டது. “காலையிலேர்ந்து ஒரே பேச்சா பேசுதே தம்பி, அந்தப் பொண்ணுக்கு யாராச்சும் தண்ணி குடுத்தீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

நான் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஏசிக் காற்று மட்டும் முகத்தில் அடித்தது. இத்தனை வருட அதிகாரம் ஒரே நாளில் போயிற்று. அந்த நிமிடம் எனக்கு அழுகையே வந்தது.

ஊர்க்காரர்களும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். இந்த பஸ் உறுமாது. மிரட்டாது. ஒரு கால் இருந்தால் யானையைக் கட்டிப் போட்ட மாதிரி நிற்கும். அதன்பிறகு யாரும் ஓடி வரவில்லை. நடந்து வந்தார்கள். சிலர் காப்பி குடித்துவிட்டு வந்தார்கள். தினமும் கும்பகோணத்துக்குத் தாமதம்.

இதில் வாய் திறக்காமல் தவித்த ஒரே ஆள் சபிஹா. லேப் டெக்னீஷியன் படித்த பெண். கல்யாணம் ஆனபிறகு இரண்டு வருடம் சும்மா இருந்தாள். ஏசியும் கேமராவும் வைத்த பஸ் தெருவுக்குள்ளேயே வருகிறது என்றதும்தான் பீவிம்மா வேலைக்கு அனுப்பச் சம்மதித்தார். அதிலும் ஒரு கண்டிஷன். “பஸ்ஸு நம்ம தெருவுக்கு வர்ற வரைக்கும் போ. வரப்புல ஏறி இறங்கி பாலத்தடியில போயி நிக்கணும்னா அந்த வேலையே வேணாம்.” இது ஊருக்கே தெரியும்.

கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் வருகிறவர்கள் எல்லாம் சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். அதாவது காப்பி குடிக்காத கும்பகோணத்துக்காரர்கள். உலகத்தில் அதைவிட ஆபத்தான கூட்டம் கிடையாது. சபிஹா போய் ரத்தம் எடுத்தால்தான் அவர்களுக்கு காப்பி. அவள் தாமதமாகப் போகும் நாளில் அந்தக் கூடத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் எனக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு மெல்லச் சொன்னாள். “இன்னொரு நாள் லேட்டா வந்தா வரவே வேணாம்னு லேப் ஓனர் சொல்லிட்டாரு டிரைவர் அண்ணே.”

“உன் மாமிகிட்ட சொல்லேன்மா. கால் வைக்கிறதே அவங்கதானே!”

“எப்புடிண்ணே சொல்றது? ஊருக்கு நல்லது செய்றோம்னு சந்தோஷமா நிக்கிறாங்க.”

அன்றைக்கு மாலையே டிப்போவில் என்னைக் கூப்பிட்டார்கள். பஸ் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மேலே ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறதாம். மேலநத்தத்தில் அது நிற்பதைப் பார்த்துவிட்டு வண்டி பழுதாகிவிட்டதா என்று இரண்டு முறை போன் வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஒரு அதிகாரி பஸ்ஸில் வந்து பார்ப்பார். அன்றைக்கும் இதே கதை என்றால் அடுத்த மாதத்திலிருந்து பஸ் ஊருக்குள் போகாது. மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்விடும்.

மறுநாள் காலை பீவிம்மா வழக்கம்போலக் காலை வைத்து நின்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, சீட்டை விட்டு இறங்கிப் போய் எதிரே நின்றேன்.

“பீவிம்மா, உங்க காலு உங்க மருமக வேலைக்குத்தான் உலை வைக்கிது. இன்னொரு நாள் லேட்டானா அவளுக்கு அங்க வேலை இல்ல. திங்கக்கிழமை லேட்டானா உங்க தெருவுக்குப் பஸ்ஸே இல்ல.”

பீவிம்மா திகைத்துப்போய் சபிஹாவைப் பார்த்தார். “நெசமா புள்ள?”

சபிஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

பீவிம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்த்தபோது இவ்வளவு காட்டமாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவர் ஒரு நிமிடத்தில் தேறிவிட்டார். “திங்கக்கிழம பாருங்க தம்பி. ஒரு கால் இருக்காது” என்றார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். அதிகம் பேசாத ஒரு அம்மா. கடைசி சீட்டில் உட்கார்ந்து கையில் ஒரு டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. ஊருக்குள் திரும்பினேன்.

என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. மேலநத்தம் வரிசையில் நின்றது. பீவிம்மா விடியும் முன்பே எழுந்து வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார். வரிசையில் முதல் ஆள் சரசா மாமி. தலையில் துண்டு கட்டியபடியே வந்திருந்தார். “லேட்டாயிடும், லேட்டாயிடும்னு ராத்திரியெல்லாம் தூங்கவே விடலை இவ” என்று கல்யாணம் சார் மனைவியைக் காட்டி முணுமுணுத்தார். கதவு திறந்தது. எல்லோரும் மளமளவென்று ஏறினார்கள். கடைசியாகப் பீவிம்மா, அன்றைக்குத் தானும் கும்பகோணம் வருவதாகச் சொல்லி, வெற்றி பெற்ற முகத்தோடு ஏறினார்.

கண்ணுசாமி ஆட்களை ஒரு பார்வை பார்த்தான். “சபிஹா எங்க பீவிம்மா?”

பீவிம்மாவின் முகம் மாறியது. ஊரை வரிசையில் நிறுத்தப் போன அவசரத்தில் அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே வந்துவிட்டிருக்கிறார். வரிசையில் நிற்கும்போதுதான் சபிஹா, “மாமி, அடுப்ப அணைச்சீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லும் முன்பே வீட்டைப் பார்த்து ஓடியிருக்கிறாள். பஸ் வந்ததும் ஊரை ஏற்றுகிற மும்முரத்தில் பீவிம்மா அதை மறந்தே போனார்.

கிளம்பும் நேரம் ஆயிற்று. கண்ணுசாமி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பின்னால் அதிகாரி அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கண்ணுசாமி விசில் கொடுத்தான். நான் பொத்தானை அழுத்தினேன்.

சரியாக அப்போது தெருக்கோடியில் சபிஹா வெளியே வந்தாள். வீட்டைப் பூட்டினாள். இழுத்துப் பார்க்கக்கூட நிற்காமல் ஓடிவர ஆரம்பித்தாள்.

கதவு மூடிக்கொண்டே வந்தது. பீவிம்மாவின் கால் தானாகவே முன்னால் போனது.

“வையுங்கோ பீவி, அவா கேட்டா நான் பேசிக்கறேன்” என்றார் கல்யாணம் சார்.

“ஒரு நிமிஷம்தானே, கொழந்தை ஓடி வரதே” என்றார் சரசா மாமி.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு காலைத்தான் பார்த்தார்கள். வைத்தால் சபிஹா இன்றைக்கு வேலைக்குப் போகலாம், அடுத்த மாதம் தெருவுக்கு பஸ் கிடையாது. வைக்காவிட்டால் பஸ் தெருவுக்கு வரும், ஏறிப் போக சபிஹாவுக்கு வேலை இருக்காது. ஊரில் ஒருவருக்கும் இல்லையென்று சொல்லாத கால் அது. கதவின் ரப்பர் விளிம்பு செருப்பைத் தொடுவதற்குள் பீவிம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“போங்க தம்பி” என்றார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

கதவு மூடியது. “அடுத்த நிறுத்தம், பாலத்தடி” என்றது குரல். வண்டியை எடுத்தேன். டீசல் பஸ்ஸாக இருந்திருந்தால் அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. இதில் என் பக்கத்து ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது. “டிரைவர் அண்ணே!” என்று அவள் கூப்பிட்டாள். இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்று இருந்தது.

வாய்க்கால் ரோட்டில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். சபிஹா நடுத்தெருவில் நின்றிருந்தாள். பஸ் போகும் வளைவைப் பார்த்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் தெரிகிற பாலத்தடியைப் பார்த்தாள். பிறகு புர்காவை ஒரு கையால் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு வீடுகளுக்கு நடுவே புகுந்து வயலில் இறங்கினாள்.

“அய்யோ, வரப்புல ஓடுறா!” என்று கண்ணுசாமி கத்தினான்.

பஸ்ஸே இடது பக்க ஜன்னல்களுக்குத் தாவியது. சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். வரப்பெல்லாம் அப்போதுதான் சேறு பூசி வழுவழுவென்று வைத்திருந்தார்கள். அதன்மேல் சபிஹா ஓடினாள். வழுக்கினாள். ஒரு கால் வயலுக்குள் முழங்கால்வரை போனது. எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினாள். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, “இந்தப் பக்கமா வா, அங்க வழுக்கும்” என்று கையைக் காட்டினார்கள்.

“அது என் வரப்பு! நேத்திக்குத்தான் பூசியிருக்கு!” என்று கல்யாணம் சார் பதறினார்.

“வரப்பு எங்கேயும் ஓடிப்போகாது, நீங்க வாயை மூடுங்கோ” என்றார் சரசா மாமி.

பீவிம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. யாராவது என்ன நடக்கிறது என்று சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார். வாய்க்காலை எப்படித் தாண்டுவாள் என்று யாரோ கேட்டதும் அவரால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். சபிஹா வாய்க்கால் கரையில் ஒரு கணம் தயங்கி நின்றாள். பீவிம்மா கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்.

“தாண்டு புள்ள! தாண்டு!”

கண்ணாடிக்குள்ளிருந்து கத்துவது அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? ஆனால் அவள் தாண்டினாள். பஸ்ஸில் எழுந்த சத்தத்தில் அதிகாரி அம்மாவே எழுந்து நின்றுவிட்டார்.

நான் வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. விதிப்படி போனேன். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வேண்டுமென்றே ஊர்ந்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தியபோது சபிஹா நிறுத்தத்தில் கையை நீட்டிக்கொண்டு மற்ற பயணிகளைப்போலவே நின்றிருந்தாள். மூச்சு மட்டும் மேலும் கீழும் வாங்கியது. இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு.

ஏறினாள். மாமியாரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. வரப்பில் ஏறிப் போய் பாலத்தடியில் நிற்கக்கூடாது என்று சொன்ன அதே மாமியார்.

“மாமி, இன்னிக்கி மட்டும்...”

“செருப்பு எங்க?” என்றார் பீவிம்மா.

“ஒண்ணு வாய்க்கால்ல போயிருச்சு மாமி.”

பீவிம்மா குனிந்து தன் செருப்புகளைக் கழற்றினார். சபிஹாவின் காலடியில் தள்ளினார். “போட்டுக்க. ஆஸ்பத்திரி மாதிரி எடத்துக்கு வெறுங்காலோட போவாளா ஒருத்தி?” முந்தானையால் அவள் கையில் இருந்த சேற்றைத் துடைக்கவும் ஆரம்பித்தார்.

அதிகாரி அம்மா கடைசி சீட்டிலிருந்து எழுந்து வந்தார். அதுவரை அவர் குரலையே நாங்கள் கேட்கவில்லை. “ஒண்ணு கேக்கலாமா? வயல் வழியா இவ்வளவு சீக்கிரமா இங்க வந்துட முடியும்னா, பஸ் எதுக்கு ஊருக்குள்ள சுத்தணும்?”

நேரத்துக்குக் கிளம்பியும் கெட்டது காரியம். எல்லோரும் பீவிம்மாவைப் பார்த்தார்கள்.

“நல்லாக் கேட்டீங்கம்மா” என்றார் பீவிம்மா. “இவ ஓடுவா. ஓடுனத நீங்களே பாத்தீங்க. பஸ்ஸு தெருவுக்கு வராட்டி வேலைக்குப் போகக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். இப்ப ஊருக்கு முன்னாடி நானே சொல்றேன். பஸ்ஸு உள்ள வந்தாலும் சரி, வராட்டியும் சரி, எம் மருமவ வேலைக்குப் போவா. அவளுக்காக நீங்க பஸ்ஸு விட வேணாம்.” மூச்சு வாங்கிக்கொண்டு சரசா மாமியைக் காட்டினார். “ஆனா இவங்க ஓடுவாங்களான்னு கேட்டுக்கங்க.”

“நான் எதுக்கு ஓடணும்?” என்று தலையில் துண்டோடு சரசா மாமி சீறினார்.

முதலில் சிரித்தது அதிகாரி அம்மாதான். பிறகு பஸ்ஸே சிரித்தது. அவர் டேப்லெட்டில் என்னவோ தட்டினார். “நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கு. அதை மட்டும் போடறேன்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அதனால் இதைச் சொல்கிற இன்றைக்கும் பஸ் மேலநத்தத்துக்குள் போய்த்தான் வருகிறது.

நான் வண்டியை எடுத்தேன். சபிஹா மட்டும் இன்னும் உட்காரவில்லை. பெரிதாக இருந்த அந்தச் செருப்புகளில் நின்றபடி மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெசமாவா மாமி?”

“பின்ன?”

சபிஹா சின்னப் பிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதாள். பீவிம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“அழுவாத புள்ள. ரத்தம் எடுக்குற கை நடுங்கும்.”